பெரட்டில் நாற்பத்து மூன்று பேர்

விடியற்காலை ஐந்தேகால். உஷாராணியின் மாமனார் தனபாலன் கிரில் கதவை உலுக்கிக்கொண்டிருந்தார். சாவி அவள் கணவன் சிவநேசனின் சட்டைப்பையில் இருந்தது.

“திறந்து விடுங்க,” என்றாள் உஷாராணி.

“வேணாம்.”

“ஆளுங்க காத்திருக்காங்கன்னு தவிக்கிறாரு...”

“எந்த ஆளுங்க, உஷா? எஸ்டேட்டே இல்ல. அத அழிச்சு வீடுங்க கட்டித் தாமானாக்கிப் பதினெட்டு வருசமாச்சு.”

நாத்தனார் மாலா குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். முந்தின நாள் மாலை கெர்லிங்கிலிருந்து காரோட்டி வந்தவள். வந்ததிலிருந்து உஷாராணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“தெருவுல எவனோ எடுத்த வீடியோ மூணு நாளா குடும்ப குரூப்ல ஓடுது, அண்ணி. நீங்க கையத் தூக்கி ‘இருக்கேங்கய்யா’ங்கிறீங்க. பின்னால யாரோ சிரிக்கிறான். எங்கப்பா மண்டோரா இருந்தவரு. அவர வச்சுக் கூத்து காட்டுறீங்களா?”

“கூத்து இல்ல, மாலா.”

“அப்புறம் என்னலா அது?”

ரப்பர் தோட்டத்தில் வெளிச்சம் வருவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். தனபாலன் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருபத்தாறு ஆண்டுகள் பெரட்டு எடுத்தவர். மறதி நோய் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டது. பெரட்டை மட்டும் விட்டுவைத்தது. ஆறு மாதமாக அவர் புக்கிட் பெலிம்பிங் தாமானின் வெறும் தெருவில் நின்று நாற்பத்து மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். உஷாராணி பாலர் பள்ளி வேலையை விட்டுவிட்டு, எதிரே நின்று பதில் சொல்கிறாள்.

“அவரு கேட்டா உள்ளதச் சொல்லணும்,” என்றான் சிவநேசன். “மகனா அது என் கடமை. பொய் சொல்லி ஒருத்தர நடத்துனா, அவர மனுசனாவே மதிக்கலன்னு அர்த்தம்.”

அவன் கோபமாகப் பேசவில்லை. தமிழ்ப்பள்ளியில் நன்னெறி ஆசிரியன். அப்பாவின் மருந்து, மருத்துவமனைத் தேதி எதிலும் ஒரு நாள் பிசகியதில்லை. ‘வேலம்மா எங்க?’ என்று அவர் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வான். ‘அம்மா இறந்து ஒம்பது வருசமாச்சுப்பா’ என்பான். கிழவர் அழுவார். அன்று சாப்பிடமாட்டார். மறுநாள் மறந்துவிட்டு மறுபடி கேட்பார். வேலம்மா அந்த வீட்டில் வாரத்துக்கு மூன்று முறை இறந்துகொண்டிருந்தாள்.

“நீங்க சொல்றது தப்புன்னு சொல்லலங்க. எனக்கு வாதாடத் தெரியாது. நீங்க உண்மையச் சொன்ன அன்னிக்கெல்லாம் அவரு தட்டத் தொடல... அது மட்டும் எனக்குத் தெரியும்.”

“ஒன் உடம்பும் போயிடுச்சு, உஷா. முதியோர் இல்லத்துல நேரத்துக்கு மருந்து குடுப்பாங்க. நல்லாப் பாத்துக்குவாங்க.”

“பெரட்டுக்கு யாரு நிப்பா?”

“நல்லாக் கேட்டீங்க போங்க,” என்றாள் மாலா.

உஷாராணி கையை நீட்டினாள். கல்யாணமான பத்தொன்பது ஆண்டில் அவள் கணவனிடம் கை நீட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பத்து மணிக்கு இல்லத்து வேன் வருது. அது வரைக்கும் அவரு இந்த வீட்டு மனுசன். சாவியக் குடுங்க. ரெண்டு பேரும் வந்து நின்னு பாருங்க. அப்புறம் நான் வாயே தொறக்கமாட்டேன்.”

அவன் கொடுத்தான்.

தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. தனபாலன் தொப்பியைச் சரி செய்தார். கையில் மகனின் பழைய பள்ளி நாட்குறிப்பு, தலைகீழாக. குரல் மட்டும் நேராக வந்தது.

“முனியாண்டி.”

உஷாராணி குரலைத் தாழ்த்தினாள். “இருக்கேங்கய்யா.”

முதல் வாரத்தில் சொந்தக் குரலில் சொல்லிவிட்டு, ‘எவடி அவ, ஆம்பள பேருக்கு வாயக் குடுக்கிறவ’ என்று திட்டு வாங்கியிருந்தாள்.

“அஞ்சலை.”

“வந்துட்டேங்கய்யா.”

“நேத்து பால்ல தண்ணி ஊத்துனியாமே.”

“மழைத் தண்ணிங்கய்யா.”

“ஒன் மரத்துக்கு மட்டும் தனியா பேஞ்சுச்சோ?”

மாலா தன்னை அறியாமல் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அஞ்சலையை அவளுக்குத் தெரியும். செத்துப் பல வருடமாகிறது.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. நேற்று மாலை மகளைப் பார்த்து, தோட்டத்துக் கணக்கரின் மனைவி என்று நினைத்து, ‘கிராணி வீட்டு அம்மாவா?’ என்று கேட்ட மனிதர், ஒரு பெயரைக்கூடத் தவறவிடவில்லை. யாருக்குக் காய்ச்சல், யார் புதுக் கத்தி கேட்டார்கள், எல்லாம் இருந்தது. எல்லோருக்கும் உஷாராணியிடம் பதில் இருந்தது. சிவநேசன் கேட்டுக்கொண்டே நின்றான். அவன் சின்ன வயதில் குடியிருந்த லயம் முழுதும் அந்தத் தெருவில் வந்து வரிசையாக நின்றது.

“வேலம்மா.”

சிவநேசன் நிமிர்ந்தான். உண்மை அவன் உதடு வரை வந்துவிட்டது.

உஷாராணி கையை உயர்த்தவில்லை. “வேலம்மா வரலங்கய்யா.”

“ஏன்?”

“ராத்திரி புள்ள பொறந்திருக்குங்கய்யா.”

கிழவர் புத்தகத்தை இறக்கினார். “என்ன புள்ள?”

“பையன். தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க.”

அவர் தொப்பியைக் கழற்றினார். வாய் கோணியது. பிறகு முகம் முழுதும் விரிந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமல் வெறும் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. மண்டோருக்கு மவன் பொறந்திருக்கான். இன்னிக்கு நான் யாரையும் திட்டமாட்டேன்.”

சிவநேசன் அந்த முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்த அப்பா பிரம்போடு நிற்பவர்.

“தினமுமா?” என்றான்.

“தினமும்தாங்க. முதல் நாள் எனக்குப் பதில் தெரியல. பேசாம நின்னேன். ‘புள்ள பொறந்துடுச்சா’ன்னு அவருதான் கேட்டாரு. நான் ஆமான்னேன்...” அவள் தயங்கினாள். “நடந்ததுதானே அது? பொய்யாங்க?”

ஆறு மாதமாக ஒவ்வொரு விடியலிலும், அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் பிறந்த செய்தி அவன் அப்பாவுக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் முதல் முறையாக.

மாலா உஷாராணியின் தோளில் முகத்தைப் புதைத்தாள். “அண்ணி... நான் என்னென்னமோ பேசிட்டேன் அண்ணி...”

“மாலா,” என்றான் சிவநேசன். “வேன் வரவேணாம்னு சொல்லிடு.”

கிழவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். பட்டியல் முடியவில்லை.

“ரெங்கசாமி.”

மாலாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த உஷாராணிக்கு அது கேட்கவில்லை. கிழவரின் முகம் இருண்டது. கழுத்தை நீட்டி வரிசையில் தேடினார்.

“ரெங்கசாமி... ரெங்கசாமி எங்க?”

சிவநேசன் செருப்பில்லாமல் தெருவில் இறங்கினான். மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றான். கையை உயர்த்தினான்.

“இருக்கேங்கய்யா.”

“ரெண்டு தடவ கூப்பிடணுமாடா ஒன்ன?”

“மன்னிச்சிருங்கய்யா,” என்றான் அவன், உஷாராணியைப் பார்த்து.