குத்துமதிப்பு

ஏழாம் படுக்கைக்கு மேலிருந்த பலகையில் ஐம்பத்தெட்டு என்றிருந்த எண் அறுபத்துநான்கு ஆனது. செவிலி ஜெபராணி செய்தது ஒன்றே ஒன்றுதான். இசக்கியப்பனின் கட்டிலுக்கடியில் தொங்கிய அளவுக்குடுவையைக் குனிந்து பார்த்து, அந்த ஒரு மணி நேரத்துச் சிறுநீரை நாற்பத்தேழு மில்லி என்று உள்ளது உள்ளபடி மின்னேட்டில் எழுதினாள். அவர் எடைக்கு அது தாராளமான அளவு.

யாருக்குச் சிறுநீரகம் கெடும் என்று நூற்றுக்கு இத்தனை எனக் கணிக்கும் கணினிக்கு முன்னுணரி என்று பெயர். எண் எழுபதைத் தொட்டால் அது யாரையும் கேட்காது. படுக்கைக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் குருதிச் சலவைப்பொறியைத் தானே முடுக்கிவிடும். அதற்கான குழாயை அறுவையின்போதே கழுத்தில் பொருத்தி வைத்திருப்பார்கள். சிறுநீரகம் கெடுமுன்பே இரத்தத்தை வெளுத்துவிட்டால் கெடாது என்பது கொள்கை. நேற்றுத்தான் நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதனுக்கு அந்தச் சலவையில் இரத்த அழுத்தம் சடாரென்று விழும் என்பதைக் கொள்கை வகுத்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படுத்திருப்பது அவர்கள் இல்லையே.

இதய அறுவைக்குப் பிறகு யாருக்குச் சிறுநீரகம் கெடும் என்று மருத்துவர்கள் யோசிப்பதை விட்டு ஒன்பது வருடமாகிறது. இரத்தம், அழுத்தம், மூச்சு எல்லாவற்றையும் முன்னுணரியே உறிஞ்சிக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. சிறுநீரை மட்டும் ஒரு மனிதக் கண் பார்த்து ஒரு மனிதக் கை எழுத வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார்கள். ஏதாவது தப்பாகிவிட்டால் மாட்டிவிட ஒரு கை வேண்டுமல்லவா?

ஜெபராணி திருநெல்வேலியின் இந்தத் தீவிரப் பிரிவில் சேர்ந்து மூன்று வாரம். அதற்குள் அவள் பார்த்த நோயாளிகளில் ஐந்து பேர் எழுபதைத் தாண்டியிருந்தார்கள். மற்றச் செவிலியர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒருவர். ராசியில்லாத சிஸ்டர் என்று அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயர் இசக்கியப்பனின் மகள் பொன்செல்வி காதுக்கும் போய்விட்டது. அவள் அரசாங்கத்தில் எடையளவு ஆய்வாளர். மீன்கடைத் தராசிலிருந்து மின்னேற்று நிலையத்து மீட்டர்வரை சீல் வைத்துப் பழகியவள். மணிக்கொருமுறை உறவினருக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் உள்ளே வந்தவள், பலகையைப் பார்த்ததும் வெடித்தாள்.

“காலையில முப்பதுல இருந்துச்சு. நீங்க வந்த பெறவுதான் ஏறுது. எங்கப்பாவ என்னதான் பண்ணுதீங்க?”

“ஒண்ணும் பண்ணல மேடம். அவரு நல்லாத்தான் இருக்காரு.”

“அப்பம் மிஷின் பொய் சொல்லுதா? நீங்க தொட்டதெல்லாம் வெளங்கலன்னு வாட்ச்மேன் வரைக்கும் சொல்லுதான்.”

இசக்கியப்பன் கண்ணைத் திறந்தார். பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் உழைத்த குரல் இப்போது நூலாக இருந்தது. “அவகிட்ட வாயக் குடுக்காதம்மா. தராசோட பொறந்தவ.”

பொன்செல்வி போன பிறகு ஜெபராணிக்கு ஆத்திரமாக வந்தது. ராசியாம் ராசி. இன்னொரு செவிலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேசைக் கணினியில் பழைய ஏடுகளைத் திறந்தாள். முன்னுணரிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பயன்பட்ட, இதே பிரிவின் பத்து வருடத்து ஏடுகள். பிழைத்து வீட்டுக்குப் போனவர்களின் ஏட்டில் ஐம்பது, ஐம்பது, ஐம்பது என்று பக்கம் பக்கமாக ஐம்பது. சிறுநீரகம் கெட்டவர்களின் ஏட்டில்தான் நாற்பத்தொன்று, ஐம்பத்துமூன்று, இருபத்தேழு என்ற எண்கள்.

அவளுக்குப் புரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு படுக்கையை இரண்டு பேர் பார்க்கும் இடத்தில் நன்றாக இருப்பவரின் குடுவையை யார் குனிந்து பார்ப்பார்கள்? குத்துமதிப்பாக ஐம்பது போட்டுவிட்டு நகர்வார்கள். ஓர் ஆளின் முகம் சரியில்லை என்று தோன்றினால்தான் குனிந்து, கோடு பார்த்து அளப்பார்கள். முன்னுணரி படித்தது சிறுநீரகத்தை அல்ல, செவிலியரின் பயத்தை. ஐம்பது என்றால் நலம், வேறெந்த எண் என்றாலும் யாரோ பயந்திருக்கிறார்கள். ஒழுங்காக அளந்து அளந்து ஐந்து பேரை அவளே அந்தப் பொறியின் வாயில் கொடுத்திருக்கிறாள்.

பிரிவுத் தலைவர் டாக்டர் குலசேகரனிடம் ஓடினாள். முன்னுணரிக்குப் பயிற்சி கொடுத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“முன்னுணரி ரெண்டு லட்சம் பேரப் பாத்திருக்கு. நீங்க எத்தன பேரப் பாத்திருக்கீங்க சிஸ்டர்?”

“ஏட்ட ஒருக்கா பாருங்க சார். இன்னும் ஆறு எண்ணு ஏறுனா அவரு…”

“ஏறுனா அவருக்குக் கிட்னி கெடப்போகுதுன்னு அர்த்தம். போய் வேலயப் பாருங்க.”

அவள் போய் வேலையைத்தான் பார்த்தாள். அடுத்த மணிக்குக் குடுவையில் நாற்பத்தாறு இருந்தது. ஏட்டில் ஐம்பது என்று எழுதினாள். பலகை நாற்பத்தொன்பதுக்கு இறங்கியது. அதற்கடுத்து நாற்பத்தொன்பதுக்கு ஒரு ஐம்பது, நாற்பத்தைந்துக்கு ஒரு ஐம்பது, மறுபடி நாற்பத்தொன்பதுக்கு ஒன்று. நான்கு மணி நேரத்தில் எண் பதினெட்டு. உண்மையான அளவுகளைச் சட்டைப்பையிலிருந்த சின்னக் குறிப்பேட்டில் எழுதி வைத்தாள். அளக்காமல் விட அவளுக்கு மனம் வரவில்லை.

பொன்செல்வி வந்தாள். பதினெட்டைப் பார்த்து முகம் மலர வேண்டியவள், பழக்கதோஷத்தில் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். நான்கு மணி நேரத்துக்கு முன் புதிதாக மாற்றிய பெரிய பையில், குடுவையிலிருந்து மணிக்கொருமுறை வடித்த சிறுநீர் சேர்ந்திருந்தது. பிறகு ஏட்டிலிருந்த அந்த நான்கு மணி நேர எண்களைக் கூட்டினாள்.

“ஏட்டுல எரநூறு. பையில நூத்தி எம்பத்தொம்பது. பதினோரு மில்லி எங்க போச்சு?”

“மேடம், மெதுவா. நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளுங்க.”

“எத்தன கடையில கேட்டுருக்கேன் இந்த ஒரு நிமிசத்த! எங்கப்பா ஒடம்புல கள்ளக்கணக்கு எழுதுதியா நீ?”

ஜெபராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஏடு, ஐம்பது, பயம், உண்மை அளவு எழுதிய குறிப்பேடு எல்லாம். பொன்செல்வி கையை உதறினாள். அளவைக் குறைத்தவன் ஒவ்வொருவனிடமும் இதைவிட நல்ல கதை இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவள் போட்ட சத்தத்தில் டாக்டர் குலசேகரன் வந்தார்.

“உண்மை அளவ ஏட்டுல எழுதாதீங்க சார், ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்” என்றாள் ஜெபராணி.

அவர் குறிப்பேட்டைப் பிடுங்கி, நான்கு ஐம்பதையும் அழித்துவிட்டு, நாற்பத்தாறு, நாற்பத்தொன்பது, நாற்பத்தைந்து, நாற்பத்தொன்பது என்று தன் கையாலேயே பதிந்தார். பலகை ஒரு நொடி யோசித்தது. தொண்ணூற்றொன்று.

சலவைப்பொறி முனகத் தொடங்கியது. பத்தாவது நிமிடம் இசக்கியப்பனின் அழுத்தம் அறுபதுக்கு விழுந்தது. நடுவில் நிறுத்த அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் மருந்தை ஏற்றி ஏற்றி உயிரைப் பிடித்து வைத்தார்கள். இதயம் தாக்குப்பிடித்தது. இரத்தம் கிடைக்காமல் கிடந்த இரண்டு சிறுநீரகங்களும் தாக்குப்பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் குடுவையில் நான்கு மில்லி இருந்தது. இனி வாரம் மூன்று நாள், வாழ்நாள் முழுக்கச் சலவை.

முன்னுணரியின் ஏட்டில் அது வெற்றியாகப் பதிவானது. சொன்னது நடந்துவிட்டதே.

“பாத்தியா?” என்றாள் பொன்செல்வி. அழுது வீங்கிய கண்ணில் வெறுப்பு கொழுந்துவிட்டது. “மிஷின் அன்னைக்கே சொல்லிச்சு. நீதான் மறைச்ச. நாலு மணி நேரம் முந்தியே தெரிஞ்சிருந்தா எங்கப்பா கிட்னி பொழச்சிருக்கும்.”

ஜெபராணிக்கு அவளை அறையலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மாற்று ஆள் கிடைக்காததால் மட்டுமே அவளை வேலையில் வைத்திருந்தார்கள்.

புகார் மேலே போனது. அடுத்த திங்கட்கிழமை முதல் எந்தச் செவிலியும் குத்துமதிப்பாக எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. கண்காணிக்க எடையளவுத் துறையிலிருந்து ஓர் ஆளைப் போட்டார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் பொன்செல்விதான்.

காலை ஆறு மணிக்கு எல்லோரும் குனிந்து அளக்கத் தொடங்கினார்கள். பதினோரு மணிக்குள் பதினோரு படுக்கைகள் எழுபதைத் தாண்டின. எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தவருக்கும் சலவை. டாக்டர் குலசேகரன் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

“ஊருக்கே கிட்னி கெட்டுப்போச்சு சார். தண்ணியிலதான் ஏதோ கலந்திருக்கு. ஆத்துத் தண்ணிய ஒடனே சோதிக்கச் சொல்லுங்க.”

மிச்சமிருந்தது பன்னிரண்டாம் படுக்கை. வள்ளிமயில் என்ற தையற்காரப் பெண், அறுவை முடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஜெபராணி குனிந்து பார்த்தாள். பார்வையைக் கோட்டுக்கு நேராக வைத்து மறுபடி பார்த்தாள். ஐம்பது. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளுக்கு மூச்சே வந்ததுபோலிருந்தது. முதல்முறையாகப் பொய் சொல்லாமல் ஐம்பது என்று எழுதினாள். பலகை ஒன்பது காட்டியது.

பின்னாலிருந்து ஏட்டை எட்டிப் பார்த்த பொன்செல்வி, “திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா?” என்றாள்.

“அம்பதுதான் மேடம். நீங்களே குனிஞ்சு பாருங்க, கோட்டுலயே நிக்குது.”

பொன்செல்வி குனியவில்லை. “பதினாறு வருச சர்வீசுல எந்த அளவும் கோட்டுல சரியா நின்னு நான் பாத்ததில்ல. எங்கிட்டயேவா?”

“மாத்தாதீங்க மேடம். அந்தம்மாவுக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு.”

ஏட்டைத் தன் பக்கம் இழுத்து, ஐம்பதை அடித்துவிட்டு, ஐம்பத்தொன்று என்று பொன்செல்வியே எழுதினாள்.

“இப்பம்தான் நம்புத மாதிரி இருக்கு” என்றாள்.

பலகையும் நம்பிவிட்டது. பதினாறு, இருபத்தொன்பது என்று ஏறத் தொடங்கியது.