இன்னும் கொஞ்சம் இறக்கு

கணுக்காலை மூடும்படி மடித்துக் குண்டூசி குத்தியிருந்த விளிம்பு, நவ்வாரா அடுத்த ஊசியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் நாலு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். தையல் மெஷினைத் தொட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொழுந்தன் கல்யாணத்துக்குத் தான் தைத்த கலாபியா அங்கியைத்தான் புருஷன் ஹிலால் உடுத்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, முதல் கையை உள்வெளியாக வைத்துத் தைத்து, பிரித்து, விரலெல்லாம் குத்துப்பட்டு, ஒருவழியாகக் கழுத்துவரை வந்திருந்தாள். மெஷினை இரவல் கொடுத்த நாத்தனார் வஹீபாவுக்கு நக்கல் தாங்கவில்லை.

“நீ தைக்கிற அங்கிக்குள்ள என் தம்பியைத் தேடித்தான்டி கண்டுபிடிக்கணும். நம்ம ரஷீத் பட்டணமே சிரிக்கப்போகுது.”

“சாக்குப்பைக்குக் கை வெச்சுக் கொடுத்தாலும் போட்டுக்குவேன். உனக்கென்னக்கா?” என்று ஹிலால் அக்காவின் வாயை அடைத்தான். அந்த ஒரு பேச்சுக்காகவே இந்த அங்கி கச்சிதமாக அமைய வேண்டும் நவ்வாராவுக்கு.

வெளியே பாலைக்காற்று நண்பகலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களைச் சாத்தி இடுக்குகளில் ஈரத்துணி திணித்திருந்தும் மணல் எப்படியோ உள்ளே வந்து பல்லில் நறநறத்தது, மின்சாரம் போய்விட்டது, அறை முழுக்க மஞ்சள் சேறு கரைத்து ஊற்றியதுபோல ஒரு வெளிச்சம். அடுப்பிலிருந்து கீரையை இறக்கிவிட்டு வந்தபோது அவன் முக்காலிமேல் ஏறி, சுவரைப் பார்த்தபடி, புது அங்கியை மாட்டிக்கொண்டு நின்றான். கதவு திறந்த சத்தம் காற்றிரைச்சலில் கேட்டிருக்காது.

“இந்தக் காத்துல படகுப்பட்டறையை மூடிட்டாங்களா?” என்று கேட்டதற்கு “ம்” என்றான்.

புழுதியில் வந்தவனுக்குப் பேச அலுப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

“அசையாம நில்லேன், ஹிலால். நிக்கும்போதே வளர்றியா என்ன?”

சிரிக்கவில்லை அவன்.

“இன்னும் கொஞ்சம் இறக்கு.”

தொண்டை கட்டிய குரல். ஆனால் அது வந்த இடம்தான் அவளை உறுத்தியது. தலைக்கு மேலே, வெகு மேலே, விளக்கு தொங்கும் கொக்கியின் பக்கமிருந்து வந்தது.

ஊசிகளை உதட்டிடுக்கில் செருகிக்கொண்டு மடிப்பு முழுவதையும் பிரித்துவிட்டாள். துணி தளர்ந்து இறங்கி, முக்காலியைத் தொட்டு, பிறகு அவள் கண்ணெதிரேயே மெல்ல மெல்ல மேலேறியது. கணுக்கால். கெண்டைக்கால். அவனிடமிருந்து எப்போதும் வரும் மரத்தூளும் படகுக்குப் பூசும் கீலும் கலந்த வாசனை இல்லை. கிணறு தூர்வாரும்போது வரும் வாடை.

குதிகாலைப் பார்த்தாள். இந்தப் புழுதியில் நடந்து வந்த குதிகால். ஒரு மணல்துகள் இல்லை. கழுவிவைத்த பீங்கான்போல வெளுப்பு.

வலது கெண்டைக்காலில் மரம் செதுக்கும் வாய்ச்சி வெட்டிய தழும்பு இருக்க வேண்டும். அவள் தினமும் பார்க்கும் தழும்பு.

இல்லை.

இடது காலில்?

இல்லை.

அப்போது கீழே தெருவிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

“நவ்வாரா! அடியே நவ்வாரா! சாவியை மறந்துட்டுப் போயிட்டேன், ஜன்னல் வழியா கூடையில போட்டு இறக்கு! கண்ணெல்லாம் மண்ணு!”

ஹிலாலின் குரல். இருமல் அவனுடையது. இருமிவிட்டுக் காற்றைத் திட்டியதும் அவன்தான்.

அவள் எழவில்லை. நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. வாய் நிறைய ஊசி. கத்தினால் தொண்டையில் இறங்கும்.

“இன்னும் கொஞ்சம்.”

முழங்கால் தெரிந்தது. அதற்கு மேலே, அதே காலில், இன்னொரு முழங்கால்.

ஊசிகளுக்கிடையே, பல்லைத் திறக்காமல், மூச்சாகச் சொன்னாள்.

“துணி... தீந்துபோச்சு.”

விளிம்பு ஏறுவது நின்றது. யோசிப்பதுபோல. கீழே ஹிலால் இன்னும் பலமாகத் தட்டினான்.

“என்னடி பண்றே உள்ளே? தூங்கிட்டியா?”

அங்கியின் கை அசைந்தது. அவள் தைத்துப் பிரித்துத் தைத்த அந்தக் கை. அதற்குள்ளிருந்து ஒரு வெளுத்த கரம் இறங்கியது. இடுப்பைத் தாண்டி. முழங்கால்களைத் தாண்டி. முகத்தெதிரே வந்து நின்றது.

அவள் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டது. பதமாக, அவசரமில்லாமல்.

பிறகு முன்கைத் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கடைத்தெருவில் துணியின் தரம் பார்ப்பவர்கள்போல, மெல்லத் தேய்த்துப் பார்த்தது.