வெட்டுண்ட வேர்கள்

நீர் பாய்ச்சி முடித்தபோது, பீன்ஸ் பாத்தியிலிருந்து நனைந்த நாயின் வாடை எழுந்தது.

ட்வைலா ரப்பர்க் குழாயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நெப்ராஸ்காவின் ஜூலை மாலை. வேலிக்கு அப்பால் சோளக்காடு அசைவற்று நின்றது. சிள்வண்டுகளின் ஓயாத இரைச்சலும், வெயிலில் வெந்த தக்காளித் தழையின் நெடியும், மூடாக்காகப் பரப்பிய வைக்கோலின் புழுங்கிய மணமும் அவள் நாள்தோறும் அறிந்தவையே. ஆனால் இந்த வாடை, மழையில் நனைந்து வந்து அவளுடைய மடியில் தலைவைக்கும் அவளது நாய் மேபலுக்கு மட்டுமே உரியது. மேபலோ மே மாதம் முதல் வீட்டில் இல்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்ட அக்காளுக்குத் துணையாக ட்வைலா ஒமாஹா சென்றிருந்த வாரத்தில், திறந்து கிடந்த கதவு வழியே நாய் ஓடிவிட்டதாகக் கணவன் வெர்லின் கூறியிருந்தான். திரும்பி வரும் என்ற நம்பிக்கையில், பின்வாசலில் இருந்த அதன் தண்ணீர்க் கிண்ணத்தை அவள் ஒருநாளும் காயவிட்டதில்லை.

அவள் மண்டியிட்டுக் களை எடுக்கத் தொடங்கினாள். ஆண்டுதோறும் மட்கிய உரமிட்டு அவள் வளர்த்த மண் அது. சமையலறை மேசையிலிருந்த, துளசி வகையான பேசில் செடிகளின் தொட்டிகளையும் ஜூனில் இதே மண்ணை அள்ளித்தான் நிரப்பியிருந்தாள். வெள்ளைப்பூப் பூக்கும் களைக்கொடி இவ்வாண்டு அளவுமீறி முளைத்திருந்தது. அதன் வேரை வெட்டலாகாது. வெட்டுண்ட ஒவ்வொரு துண்டும் தனிக்கொடியாக உயிர்பெறும். ஆதலால் இந்தப் பாத்தியில் மண்ணைக் கிளறும் டில்லர் இயந்திரத்தை ஒருபோதும் இறக்குவதில்லை என வெர்லின் அவளுக்கு வாக்களித்திருந்தான்.

இன்று அவள் கைக்கு வந்த வேர்கள் யாவும் விரல்நீளத் துண்டுகள். இருமுனையும் நேராக அறுபட்டவை.

பக்கத்து வீட்டுக் கிளாரிஸ் பக்கவாட்டு வேலியில் கைகளை ஊன்றிச் சிரித்தாள்.

"என்ன ட்வைலா, காடு வளர்க்குறியா? உன் புருஷன் டில்லரை ஓட்டுனப்பவே நெனச்சேன்."

"எப்போ ஓட்டுனான்?"

"நீ ஒமாஹா போயிருந்தப்ப. முதுகு வலின்னு குப்பைத்தொட்டியக்கூட நகர்த்தாத மனுஷன், இருட்டுற வரைக்கும் அந்த ஒத்தப் பாத்தியையே போட்டு உழுதான். உனக்கு ஏதோ ஆச்சரியம் வச்சிருக்கான்னு நானும் வாயத் தொறக்கல."

கிளாரிஸ் போன பின்பு, ட்வைலா வைக்கோலுக்கு அடியில் கையை நுழைத்தாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலின் சூடன்று. உடம்பின் சூடு. அவளது உள்ளங்கைக்கு அடியில் அது மெல்ல எழும்பியது, மெல்லத் தாழ்ந்தது. விரல்களில் ஏதோ சிக்கியது. இழுத்தாள்.

சிவப்புக் கழுத்துப்பட்டை. பாதி மட்டும். வேர்களைப் போலவே நேராக அறுபட்டிருந்தது.

"வெர்லின்!"

பின்வாசற்படிக்கு வந்தவன் அவள் கையிலிருந்ததைக் கண்டான்.

"வண்டியப் பின்னால எடுத்தேன், ட்வைலா. அது படுத்திருந்தது தெரியல. சத்தியமாத் தெரியல."

"ஓடிப்போச்சுன்னு சொன்னியே! கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டுனேனே, நீதானே கூட நின்னு டேப்பைக் கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்த?"

"நீ தாங்கமாட்டேன்னு பயந்தேன். இந்த முதுக வச்சுக்கிட்டு ஆழமாத் தோண்ட முடியல. குழி தெரியக்கூடாதுன்னு மேல டில்லரை விட்டேன். கத்தி அவ்வளவு கீழ எறங்கும்னு..."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பாத்தியின் பக்கம் திரும்பி, மாலைதோறும் அழைக்கும் அதே குரலில் அழைத்தாள்.

"மேபல்."

சிள்வண்டுகள் ஓய்ந்தன.

வைக்கோல் அசைந்தது. காற்று இல்லை. ஒரு செடியின் அடியில். அடுத்த செடியின் அடியில். வரிசை நெடுகிலும். மூச்சிரைக்கும் ஒலி. ஒரு மூச்சன்று. பல. கரிய, ஈரமான மூக்குகள் மண்ணைப் பிளந்து மேலெழுந்தன. சில கட்டைவிரல் அளவே. தரையில் வால்கள் தட்டின. சமையலறைத் தரையில் காலைதோறும் அவள் கேட்டுப் பழகிய தட்டல். இப்போது பாத்தி முழுவதும்.

பின்வாங்கிப் படியேறினாள். அதற்குள் வெர்லின் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தியிருந்தான். முதுகில் அது இடித்தது. உள்ளே தாழ் விழுந்தது.

"வெர்லின், கதவைத் தொற!"

கதவின் கண்ணாடிக்கு அப்பால் அவன் தலையை அசைத்தான். இல்லை. மீண்டும் அசைத்தான். இல்லை.

அவனுக்குப் பின்னால், மேசையின் மீது, பேசில் செடிகள் சாய்ந்தன. தொட்டி மண் வெடித்தது. முதலில் தெரிந்தவை பற்கள்.

அவன் திரும்பவில்லை.

எச்சரிக்கக் கையை உயர்த்தினாள். அவளது கணுக்காலில் ஈரமான ஏதோ ஒன்று அன்புடன் உரசியது.

கையைத் தாழ்த்திக்கொண்டாள்.