கவ்வாத்து வெட்டப்பட்டான்!

போன் அலறியது.

கான்ஸ்டபிள் வீரையா, கையிலிருந்த சமோசாவைக் கீழே வைக்க மனமில்லாமல் இடது கையால் ரிசீவரை எடுத்தார்.

கேட்டார்.

கண்கள் விரிந்தன. சமோசா விழுந்தது.

"மேடம்! கவ்வாத்த வெட்டிட்டாங்க மேடம்!"

சப் இன்ஸ்பெக்டர் சுகிர்தா நிமிர்ந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்தவள். குளிர் இன்னும் பழகவில்லை. காக்கிக்கு மேல் ஸ்வெட்டர்!

"தேயிலைச் செடியை வெட்டுறதுதானே கவ்வாத்து? அதுக்கு ஏன் பொலிசுக்குப் போன் எடுக்கினம்?"

"ஐயோ, செடி இல்லங்க மேடம்... ஆளு! ராப் பாடுற பையன்! எம்.சி. கவ்வாத்து! பேஸ்புக் லைவ்ல இருந்தப்பவே வெட்டிட்டாங்களாம்! ஊரே பாத்துக்கிட்டு இருந்திருக்கு!"

"பார்த்துக்கொண்டா? ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையோ?"

"செஞ்சாங்க மேடம்... லைக் போட்டிருக்காங்க!"

சுகிர்தா தொப்பியை எடுத்தாள்.

"ஜீப்பை எடுங்கோ!"

சந்தைக்குப் பின்னால் ஒரு புடவைக்கடை. அதன் மேல்மாடியில் சின்ன அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. அதுதான் ஸ்டூடியோ.

கதிரை கவிழ்ந்து கிடந்தது.

மைக்கில் சிவப்பு. சுவரில் சிவப்பு. தரையில் குளமாகச் சிவப்பு!

உடலை மட்டும் காணோம்.

மூலையில் ஒருவன் நெஞ்சில் சிலுவை போட்டபடி தேம்பிக்கொண்டிருந்தான். மெல்லிய தாடி. விலை உயர்ந்த சப்பாத்து.

"நீர் ஆர்?"

"கிஷான், மேடம்... சந்திரகுமார்ட மேனேஜர். கவ்வாத்துட உண்மைப் பேரு அதுதான். புசல்லாவைப் பக்கம் தோட்டத்துப் பொடியன். நான்தான் அவன மேடையேத்தினேன்! சாப்பிட ரோல்ஸ் வாங்கக் கீழ போனேன்... திரும்பி வந்தா... மாதாவே!"

வீரையா தன் போனில் அந்த லைவ்வை ஓடவிட்டார்.

திரையில் சந்திரகுமார். சுருட்டை முடி, காதில் ஒற்றைக் கடுக்கன்.

"மச்சான்மாரே! என் கிளிப்ப பாதியில வெட்டிப் போட்டு எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்க வச்சவன் யாருன்னு தெரிஞ்சிருச்சு! அவன் பேரு..."

நின்றான். கதவுப் பக்கம் பார்த்தான்.

"ஏய்... யாரது... வேணாம்டா... வேணாம்... ஆஆஆஆ!"

திரையில் சிவப்பு தெறித்தது. அப்புறம் இருட்டு!

"என்ன கிளிப் அது?" சுகிர்தா கேட்டாள்.

வீரையா தயங்கினார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்.

"புதுப் பாட்டுல ஒரு வரி மேடம். 'கொழுந்து பறிக்கிற கையால எனக்குக் கை தட்டாத!'ன்னு பாடுறான். அதோட கிளிப் முடிஞ்சிருது. அவன் அம்மாவே கொழுந்து பறிக்கிறவங்க! பெத்த வயிறு எப்படி எரியும்? கண்டியிலயிருந்து கொழும்பு வரைக்கும் திட்டித் தீத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை நடக்க இருந்த கச்சேரியையும் நிறுத்திட்டாங்க."

"ஆனா முழுசா கேட்டா வேற மாதிரி மேடம்!" கிஷான் மூக்கை உறிஞ்சினான். "பின்னால இன்னொரு வரி வருது... 'அந்தக் கைக்குத் தட்டத்தான் நானே மேடை ஏறினேன்!' அத யாரோ வெட்டிட்டான்!"

"அப்ப முழுப் பாட்டைப் போட்டிருக்கலாமே?"

"போ... போடத்தான் இருந்தோம் மேடம்."

சுகிர்தாவின் புருவம் உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது.

"கிளிப்பைப் போட்டது ஆர்?"

"'காரசாரம் கண்டி'ன்னு ஒரு பேஜ். நடத்துறவன் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா கொல செஞ்சவன எனக்குத் தெரியும்!" கிஷான் பல்லைக் கடித்தான். "அஷ்பாக்! எம்.சி. கொச்சிக்காய்! ரெண்டு பேரும் பாட்டாலயே அடிச்சுக்குவாங்க. நேத்துக்கூட 'கவ்வாத்துக்கு நான் கத்தி வைப்பேன்'னு போஸ்ட் போட்டான்!"

"நல்லது. அந்த ஆளை அடையாளம் காட்ட வாரும். கீழ போய் ஜீப்பில இரும்."

கிஷான் இறங்கிப் போனான்.

வீரையா சுகிர்தாவின் காதருகே குனிந்தார்.

"மேடம்... எறும்ப பாத்தீங்களா?"

பார்த்தாள். இரத்தக் குளத்தின் ஓரத்தில் எறும்புப் பட்டாளமே நின்றது!

விரலால் தொட்டாள். முகர்ந்தாள்.

ரோஜா வாசம்!

"வீரையா... அந்தக் கொச்சிக்காய் என்ன தொழில் செய்யிறவன்?"

"வாப்பாவோட பலூடா கடையில நிக்கிறான் மேடம்."

"ஓம்," என்று சிரித்தாள் சுகிர்தா. "கொலைகாரன் ரோஸ் சிரப் போத்தலோட வந்திருக்கிறான். மேனேஜருக்கு மூச்சு விடாதேங்கோ!"

பலூடா கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கண்ணாடிக் கிளாஸ்களைச் சுற்றி மொய்த்திருந்தார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் அஷ்பாக். குண்டு உடம்பு, குழந்தை முகம். முழங்கை வரைக்கும் சிவப்பு!

"கொலைகாரா!" கிஷான் பாய்ந்தான். "என் கவ்வாத்த வெட்டிட்டியேடா!"

ஒரு சிறுமி கையிலிருந்த பலூடாவை நழுவவிட்டாள்.

வீரையா கிஷானை மடக்கி, மூலை மேசையில் உட்கார வைத்தார். அவன் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சுகிர்தா அஷ்பாக்கைச் சமையல் நடக்கும் குசினிக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஆள் எங்க?"

"எந்த ஆள் மேடம்?"

"நீர் ரோஸ் சிரப் ஊத்திக் கொலை செய்த ஆள்!"

அஷ்பாக்கின் முகம் ஐஸ்கிரீமாக உருகியது.

"அல்லாவே... எறும்பு வந்திட்டா? நான் சென்ன மேடம்! தக்காளி சோஸ் போடுவோம்டு நான் சென்ன! அவன்தான் கலர் நல்லமில்லண்டான்!"

"முழுசும் சொல்லும்!"

"அவன் எனக்கு எதிரி இல்ல மேடம். என்ட உசுருக் கூட்டாளி! பாட்டுல ஏசிக்கிறது சும்மா... ரெண்டு பேருக்கும் வியூஸ் வருமே! அந்தக் கிளிப் வந்த பொறகு அவன் சாப்புடுறதுமில்ல, தூங்குறதுமில்ல. அவன்ட உம்மாவோட தோட்டத்துப் பொம்புளைகள் ஒத்தரும் கதைக்கிறதில்லையாம். கொழுந்து நிறுக்கிற எடத்துல அவங்க தனியா நிக்கிறாங்களாம். போன்ல அவங்க அழுறதக் கேட்டு இவன் இங்க இருந்து அழுதான்!"

"அதுக்கு ஏன் சாகவேணும்?"

"கள்ளனப் புடிக்கத்தான்!" அஷ்பாக்கின் கண்கள் மின்னின. "அவனுக்குக் கிஷான் மேலதான் சந்தேகம். சாட்சி இல்லயே மேடம்! அதான் முழுப் பாட்ட அவனும் போடாம வச்சான். யோசிச்சுப் பாருங்க... பாட்டுக்காரன் செத்தா என்ன நடக்கும்? கடைசிப் பாட்டுக்கு ஒலகமே அலையும்! முழுப் பாட்டு கையில ஈக்கிறவன் சும்மா ஈப்பானா? காரசாரம் கண்டியில முழுப் பாட்டு வந்தா, கிளிப் போட்டவனும் அவன்தானே! கொஞ்சம் பொறுங்க, மேடம்..."

டிங்!

அஷ்பாக்கின் போன்.

இருவரும் குனிந்தார்கள்.

காரசாரம் கண்டி. 'மறைந்த மாவீரன் கவ்வாத்துவின் கடைசிப் பாடல்! முழுமையாக! முதன்முறையாக!'

பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. மூன்று அழுகை முகம்.

சுகிர்தா குசினிக் கதவைத் திறந்தாள். மூலை மேசையில் கிஷான் இன்னும் கவிழ்ந்தபடியே அழுதுகொண்டிருந்தான். தோள்கள் குலுங்கின.

கைகள் மட்டும் மேசைக்குக் கீழே!

"கிஷான்... உம்மட போனை ஒருக்காத் தாரும்."

குலுங்கல் நின்றது.

"எ... எதுக்கு மேடம்?"

"கண்ணீர் துடைக்க!"

வீரையா வெடுக்கென்று பிடுங்கினார். திரையில் கண்ணீர்த் துளிகள். துளிகளுக்கு அடியில் காரசாரம் கண்டி! வியூஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"அழுதுக்கிட்டே அப்லோட் பண்ணியிருக்கான் மேடம்! என்னா தெறம!"

"மாட்டினான்!" அஷ்பாக் துள்ளினான். குசினிக்கு அடுத்த பின்னறைக் கதவைத் தட்டினான். "மச்சான்! கள்ளன் ஆப்புட்டுட்டான்! வெளிய வாடா!"

பதிலில்லை.

தட்டினான். தள்ளினான்.

அறை காலி!

ஜன்னல் திறந்து கிடந்தது. மாவு மூட்டைமேல் அஷ்பாக் கொடுத்துவிட்டுப் போன பழைய போன் மட்டும்.

அஷ்பாக்கின் முகம் வெளுத்தது. இப்போது அதில் நடிப்பில்லை!

"மேடம்... இங்கதான் உட்டுட்டுப் போன... வல்லாஹி இங்கதான்!"

சுகிர்தா போனை எடுத்தாள். லைவ்வின் கீழே கமெண்டுகள். கடைசியாக யாரோ எழுதியிருந்தார்கள்...

'இந்த வீடியோவைப் பார்த்து அவருடைய அம்மா மயங்கி விழுந்துவிட்டாராம். மூச்சுப் பேச்சு இல்லையாம்.'

சுகிர்தா அதை உரக்க வாசித்தாள்.

"மடையர்!" சுகிர்தாவின் குரல் உடைந்தது. "ஊருக்கெல்லாம் நாடகம் போட்டீங்கள்... பெத்தவளுக்கு ஒரு வார்த்தை முன்னமே சொல்லவேணுமெண்டு ரெண்டு பேருக்கும் தோணேல்லையே?"

அஷ்பாக் தலையைத் தொங்கப்போட்டான்.

"எல்லாரும் ஏறுங்கோ. புசல்லாவைக்கு!"

கம்பளை தாண்டி ஜீப் மலையேறியது. வளைவுக்கு வளைவு வீரையா முருகனைக் கூப்பிட்டார். கிஷான் மாதாவைக் கூப்பிட்டான். அஷ்பாக் அல்லாவைக் கூப்பிட்டான்.

தோட்டத்துக்குள் திரும்பியதும் கேட்டது...

ஒப்பாரி!

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பெண்கள் கூட்டம். கூடையைக்கூட இறக்காமல் நின்றார்கள். எழவுக்கு வருகிறவர்கள் உட்கார வாங்குகள் வெளியே போடப்பட்டிருந்தன.

சுகிர்தா ஜீப்பிலிருந்து குதித்தாள்.

"வழி விடுங்கோ! வழி விடுங்கோ!"

விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே...

சந்திரகுமாரின் அம்மா ராக்கம்மா உயிரோடுதான் இருந்தாள். மிக நன்றாக உயிரோடு இருந்தாள். கையில் விளக்குமாறு!

கட்டிலுக்கு அடியில் எம்.சி. கவ்வாத்து!

"செத்தவன் என்னத்துக்குடா பஸ் ஏறி வந்தே? வெளிய வாடா! நானே ஒன்ன சாவடிக்கிறேன்!"

"அம்மா! அடிக்காதம்மா! நீ விழுந்துட்டேன்னு எழுதியிருந்தாங்கம்மா! அதான் ஓடியாந்தேன்!"

"ஆமா, விழுந்தேன்! வீடியோவ பாத்து விழுந்தேன்! எந்திரிச்சுப் பாத்தா பொணம் வாசல்ல வந்து நிக்கிது! மறுபடியும் விழுந்தேன்!"

வாசலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த சின்னமுத்து என்ற பெண் மூக்கைச் சிந்தினாள்.

"நாங்க எழவுக்கு வந்தோமுங்க, பொலிஸ்காரம்மா. இப்ப அழுறதா, போறதான்னு தெரியல!"

ராக்கம்மா விளக்குமாற்றை ஓங்கினாள். வீரையா அதைப் பிடித்தார். சந்திரகுமார் தவழ்ந்து வெளியே வந்தான். சட்டையெல்லாம் ரோஸ் சிரப். பின்னால் எறும்பு வரிசை!

சட்டென்று விளக்குமாறு கீழே விழுந்தது. ராக்கம்மா மகனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"என்ன ஒத்தரும் ஏறெடுத்துப் பாக்கல சாமி... போவட்டும்னு இருந்தேன். நீயும் இல்லன்னா நான் யாருக்காக இருக்கிறது?"

"மன்னிச்சிரும்மா," சந்திரகுமார் விம்மினான். "ஆனா புடிச்சிட்டோம்மா! கிளிப்ப வெட்டினவன் இவன்தான்! கிஷான்!"

பெண்கள் கூட்டம் கிஷான் பக்கம் திரும்பியது. கூடைகள் இறங்கின. சின்னமுத்து விளக்குமாற்றை எடுத்தாள்.

"நான் வெட்டல்ல!" கிஷான் அலறினான். "மாதா மேல சத்தியமா நான் வெட்டல்ல! பேஜ் என்டதுதான்! போட்டது நான்தான்! சண்ட வந்தா வியூஸ் வரும்னு போட்டேன்! ஆனா... எனக்கு வரும்போதே அது வெட்டுப்பட்டுத்தான் வந்திச்சு!"

"ஆர் தந்தது?"

"ஒருத்தரும் தரல்ல! ஸ்டேட்டஸ்ல இருந்து எடுத்தேன்!"

"ஆற்ற ஸ்டேட்டஸ்?"

கிஷான் விரலை நீட்டினான்.

ராக்கம்மா!

லயமே அவள் பக்கம் திரும்பியது.

"நானா?" ராக்கம்மா இடுப்பிலிருந்து போனை உருவினாள். "எம் மவன் பாட்ட அனுப்பிவிட்டான். நாலு பேரு பாக்கட்டுமேன்னு பெருமையா வாட்ஸ்அப்புல போட்டேன். முழுசாத்தான் போட்டேன்! இந்தா பாரு!"

சந்திரகுமார் பார்த்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அம்மா... ஸ்டேட்டஸ்ல நீளமான வீடியோ நிக்காதும்மா! அதுவே பாதியில வெட்டிரும்! சரியா 'கை தட்டாத'ல வெட்டியிருக்கு!"

"அது எனக்கு எப்படிடா தெரியும்?"

முதலில் சிரித்தது சின்னமுத்துதான். அப்புறம் லயமே சிரித்தது. எழவுக்கு வந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மிச்சத்தப் பாடுறா!" என்றாள் சின்னமுத்து. "அடியே ராக்கம்மா, நான்தான்டி முதல்ல ஒங்கூடப் பேச்ச நிறுத்துனது. வா, பக்கத்துல வந்து ஒக்காரு."

சந்திரகுமார் எழுந்தான். அஷ்பாக் வாயாலேயே தாளம் போட்டான். டும்... டக்கு... டும்!

"கொழுந்து பறிக்கிற கையால எனக்குக் கை தட்டாத... அந்தக் கைக்குத் தட்டத்தான் நானே மேடை ஏறினேன்!"

மகன் தட்டினான். அஷ்பாக் தட்டினான். வீரையா தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைக்க மறந்து தட்டினார்.

சுகிர்தா தொண்டையைச் செருமினாள்.

"கிஷான்! வெட்டினது நீர் இல்லை. ஆனா முழுசையும் கையில வச்சுக்கொண்டு, ஒரு தாயை அழவிட்டு, அரைகுறையை ஊருக்கு வித்தது நீர்தான். ஜீப்பில ஏறும்!" திரும்பினாள். "பொய்ப் பிணமும் பொய்க் கொலைகாரனும் அவரோட ஏறுங்கோ. பொலிசை ஏமாத்தினதுக்கு நீதவானிட்ட பதில் சொல்லவேணும்."

"சரிங்க மேடம்," என்றான் சந்திரகுமார். அம்மா உயிரோடிருக்கிற சந்தோஷத்தில் சிறைக்குக்கூடச் சிரித்துக்கொண்டே போவான் போலிருந்தது.

வீரையா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"அப்ப கிளிப்ப வெட்டின ஆளு மேல என்ன கேஸ் மேடம் போடுறது?"

சுகிர்தா பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் ராக்கம்மா வாசலில் கிடந்த வாங்கின் மேல் ஏறியிருந்தாள். கையில் போன்! முகமெல்லாம் பல்!

"எல்லாரும் கிட்ட கிட்ட நில்லுங்க! பொலிஸ்காரம்மா, நீங்களும்தான்! நடந்தது அம்புட்டையும் வெளக்கமா பேசி... ஸ்டேட்டஸ் போடப்போறேன்!"

சுகிர்தா அலறினாள்.

"வீரையா! அம்மாவை விடுங்கோ... அந்த போனைக் கைது செய்யுங்கோ!"