முதலில் சுருக்கு, பிறகு பூட்டு

கடலூரில் காலையிலிருந்து மழை விடவில்லை. பக்கத்து வீட்டு லூர்துசாமி மாமா மாடிப்படியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

அவருடைய மனைவி தைலம்மாள் அத்தை நனைந்தபடி எழிலரசி வீட்டுக்கு ஓடி வந்தார். கையில் ஸ்கேன் படங்கள் இருந்த பென்டிரைவ்.

"சிதம்பரத்துல இருக்கிற மூளை டாக்டர் இதப் பாக்கணுமாம். ரோடெல்லாம் தண்ணி. மாமாவ அங்க கொண்டு போறதா, இங்கியே வெச்சிக்கிறதான்னு அவுங்க சொன்னாதான் தெரியும்."

எழிலரசியின் அண்ணன் அருள்மொழி லேப்டாப்பைத் திறந்தான். வேறு யாரும் பார்க்காதபடி படங்களைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினான். பிறகு சுருக்கி, டாக்டரின் மெயிலுக்கு அனுப்பினான்.

பாதியில் நின்றுபோனது. சிக்னல் ஒரே ஒரு கோடுதான்.

"சுருக்கியும் சைஸ் கொறையவே இல்லியே," என்றான்.

ஆறாம் வகுப்பு படிக்கும் எழிலரசி திரையை எட்டிப் பார்த்தாள். ஒரு படத்தில் நடுவே சாம்பல் நிறத்தில் தலை, சுற்றிலும் கறுப்பு.

"அண்ணா, சுருக்குறதுன்னா என்ன?"

"ஒரே மாதிரி வர்றதச் சேத்து எழுதுறது. கறுப்பு, கறுப்புன்னு நூறு தடவ எழுதாம, 'நூறு கறுப்பு'ன்னு எழுதிடும்."

"பூட்டுனா?"

"எல்லாத்தையும் கலச்சிடும். எது கறுப்புன்னே தெரியாது."

எழிலரசி யோசித்தாள். "அப்ப பூட்டுனதுக்கப்புறம் ஒரே மாதிரி ஒண்ணுமே இருக்காதே. எதச் சேக்கும்? மொதல்ல சுருக்கிட்டு அப்புறம் பூட்டிப் பாரேன்."

அருள்மொழி தலையில் தட்டிக்கொண்டான். "தலைகீழா பண்ணிட்டேன் பாரு."

இப்போது கோப்பு பாதிக்கும் கீழே சுருங்கியது. அதைப் பூட்டி அனுப்பினான். மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தது.

"கடவுச்சொல்ல அதே மெயில்ல எழுதாதண்ணா. சாவியப் பூட்டுலயே தொங்கவிட்ட மாதிரி ஆயிடும்," என்றாள் எழிலரசி.

அத்தை போன் செய்து டாக்டரிடமே கடவுச்சொல்லைச் சொன்னார். சற்று நேரத்தில் டாக்டர் திரும்ப அழைத்தார்.

"உள்ள ரத்தக்கசிவு இல்லம்மா. அங்கியே வெச்சிப் பாத்துக்கலாம். இந்த மழையில அவர அலைய வைக்காதீங்க."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழிலரசியின் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

மழை விட்டபின் மாமா தலையில் கட்டோடு வீடு திரும்பினார். நேராக எழிலரசியிடம்தான் வந்தார்.

"ஒனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல கண்ணு."

"நீங்க நடந்து வந்துட்டீங்களே மாமா, அது போதும்."

அன்று மதியம் அத்தை கொடுத்தனுப்பிய வஞ்சிர மீன் குழம்பை அண்ணனும் தங்கையும் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள்.