கிழித்துப் போட்ட கடுதாசி

மல்லசமுத்திரத்தில் கைலாசம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. குச்சிக்கிழங்கு மாவு புளித்த வாடை ஊர் முழுக்க அடித்தது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபாக்டரிக்குப் பின்னால் மூன்றாவது ஓட்டுவீடு என்று டீக்கடைக்காரர் வழி சொன்னார். சொல்லிவிட்டு, அங்கே இப்போது அருணகிரி ஒருத்தர்தான் இருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டார். ஒருத்தர்தானா என்று பார்க்கத்தான் கைலாசமும் சங்ககிரியிலிருந்து கிளம்பி வந்திருந்தார்.

அவர் சட்டைப்பையில் மூன்று தபால் கார்டுகள் இருந்தன. மூன்றிலும் மல்லசமுத்திரம் முத்திரை. மூன்றிலும் ஒரே நான்கு எண்கள், 6786. கீழே வசந்தாமணி என்று கையெழுத்து.

வசந்தாமணி செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பேயாவது பிசாசாவது! எவனோ வேலை காட்டுகிறான், அவனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று கைலாசம் வழியெல்லாம் கறுவிக்கொண்டே வந்தார். கறுவினாரே தவிர, பையில் கிடந்த அந்தக் கார்டுகளை பஸ்ஸில் ஒருமுறைகூட அவர் தொட்டுப் பார்க்கவில்லை.

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவருக்கு, லாரியைவிட உசத்தியான விஷயம் ஒன்று இருந்தது. தபால் சதுரங்க வட்டம். சேலம் ஜில்லாவில் சிதறிக் கிடந்த ஒன்பது பேர், எழுபத்தொன்றில் ஆரம்பித்து பதினோரு வருஷமாக, கார்டிலேயே சதுரங்கம் ஆடிவந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண். காய் கிளம்பும் கட்டத்தையும் போய் உட்காரும் கட்டத்தையும் சேர்த்தால் நான்கு எண், அவ்வளவுதான் ஒரு நகர்த்தல். கார்டு கிடைத்த ஐந்து நாளுக்குள் பதிலைத் தபாலில் சேர்க்க வேண்டும், தவறினால் தோல்வி. ஒரு பலகை முடிய ஒரு வருஷம்கூட ஆகும். ஆளை ஆள் பார்த்ததில்லை. கையெழுத்துதான் முகம். ஆனால் சண்டைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. 'தங்கள் நலம் நாடும்' என்று முடிகிற கார்டிலேயே, நடுவில் நாலு வரி நறுக்கென்று குத்தி எழுதியிருப்பார்கள். ஒருத்தருக்கு எழுதிய குத்தல் மறுவாரமே எட்டுப் பேருக்கும் எட்டிவிடும்.

பதினோரு வருஷமும் கைலாசம்தான் செயலாளர். யார் யாரோடு ஆடுவது, எது செல்லும், எது செல்லாது, எல்லாம் அவர் சொல்வதுதான். வீட்டில் அவர் பேச்சை மனைவி முத்தாயம்மாள் கேட்டதில்லை, ஆபீஸில் டிரைவர்கள் கேட்டதில்லை. அவரை மதிக்க இந்த உலகத்தில் வட்டம் ஒன்றுதான் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன், ஒருத்தர் விலகிய இடத்தில் வசந்தாமணி வட்டத்தில் சேர்ந்தாள். ஒரே பெண். வந்த வருஷமே மூன்று பேரைத் தோற்கடித்தாள். அடுத்த வருஷம் சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சாக்கு வியாபாரி கலீலுல்லா பாயையே மடக்கினாள். பாய் சந்தோஷமாக வாழ்த்து எழுதினார். கைலாசத்துக்குத்தான் பொறுக்கவில்லை. மல்லசமுத்திரம் சகோதரியின் ஆட்டத்தில் ஓர் ஆண்கை தெரிகிறது, யாரோ சொல்லிக் கொடுத்து ஆடுகிறார் என்று எல்லோருக்கும் எழுதினார். அதோடு நின்றாரா? என்னையும் நேர்மையாக வென்றுவிட்டால் செயலாளர் பதவியை அவரிடமே கொடுத்துவிடுகிறேன் என்று சவாலும் விட்டார். வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது.

அந்த ஆட்டம் ஒன்பது மாதம் நடந்தது. ஏழாவது மாதமே கைலாசம் தன் ராஜா மூச்சு முட்டுவதைப் பார்த்துவிட்டார்.

ஒன்பதாவது மாதம்தான் அந்தக் கடுதாசி வந்தது. நாலு மூலையிலும் கறுப்பு மை தடவியிருந்தது. அப்படி வந்தால் அதை வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. வாசலில் நின்றே படித்துக் கிழித்தெறிந்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். முத்தாயம்மாளும் கதவோரம் நின்றபடி அதைத்தான் சொன்னாள். கைலாசம் அச்சடித்த அந்த வாசகத்தைப் படித்தார். என் தங்கை வசந்தாமணி காலமானாள், இன்ன நாளில் கருமாதி, இப்படிக்கு அருணகிரி. அதற்கும் கீழே, ஒன்றும் புரியாதவன் பார்த்து எழுதியது போலக் கோணல்மாணலாகக் கையால், 6786.

அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். குதிரை பாய்கிறது, கூடவே ராணியிடமிருந்தும் செக். ராஜாவுக்கு மூலையை விட்டால் நாதியில்லை. மூலைக்குப் போனாலும் இன்னும் இரண்டு நகர்த்தலில் கதை முடிந்துவிடும்.

கிழித்தார். வழக்கத்தை மீறக் கூடாதல்லவா!

ஐந்து நாள் பொறுத்திருந்தார். ஆறாம் நாள், சகோதரியின் மறைவு பேரிழப்பு, பதில் வராததால் விதிப்படி ஆட்டம் எனக்கு என்று ஏழு பேருக்கும் எழுதினார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். கலீலுல்லா பாய் மட்டும் ஒரு வரி கேட்டிருந்தார், கடைசிக் கார்டு வரவே இல்லையா செயலாளரே என்று. அந்த ஒரு வரி அன்று முதல் கைலாசத்தின் தூக்கத்தைக் கெடுத்தது.

அதற்கப்புறம்தான் கார்டுகள் வர ஆரம்பித்தன. அந்த எண்ணை அறிந்தவர்கள் இரண்டே பேர். பார்த்தவர் ஒருத்தர், எழுதியவன் ஒருத்தன். ஆகவே இது அருணகிரி வேலைதான், பின்னால் நின்று ஆட்டுவிப்பது பாய்தான் என்று கைலாசம் முடிவு கட்டியிருந்தார்.

அருணகிரி வாசலில் கிழங்கு மூட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். யார் என்று சொன்னதும் கோணூசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வாங்க சாமி என்று கட்டிலைத் தட்டிப் போட்டார், சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். கைலாசம் மோரைத் தொடவில்லை. மூன்று கார்டுகளையும் எடுத்துக் கட்டிலில் வரிசையாகப் போட்டார்.

அருணகிரி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். எடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"பாப்பா எழுத்துங்க இது."

எழுத்தைப் பார்த்து எழுத யாராலும் முடியும் என்றார் கைலாசம். அருணகிரி கோபப்படவில்லை. தனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவ்வளவாக வராது என்றும், பாப்பா போன பிறகு இந்த வீட்டில் பேனாவே கிடையாது, அதை அவளோடேயே வைத்து அனுப்பிவிட்டோம் என்றும் சொன்னார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காலும் விளங்காமல் போனதையும், வாசல் தாண்டாமலேயே முப்பத்தியொரு வயது வரை இருந்துவிட்டுப் போனதையும் சொன்னார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, சொல்லிக் கொடுக்க இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க கார்டுங்கதாஞ் சாமி அவளுக்குத் தேரு, நோம்பி எல்லாம். நீங்க அப்படி எழுதுனதைப் படிச்சுப்போட்டு மூணு நாளு சோறு திங்கலீங்க."

கைலாசம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. நன்றாகத்தான் நடிக்கிறான் என்று நினைத்தார்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது.

டக்.

மரப்பலகையில் கல்லை வைத்த சத்தம். எலியா என்று கைலாசம் கேட்டார். அருணகிரி பூட்டிக் கிடந்த அந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்நேரத்துக்குத்தானுங்க தபால் வரும்," என்றார் மெதுவாக.

திறங்கள் என்றார் கைலாசம். உள்ளே எவனாவது ஒளிந்திருந்தால் இப்போதே அகப்படட்டும். கருமாதிக்குப் பிறகு திறக்காத பூட்டு. சாவி திரும்ப மறுத்தது. தேங்காயெண்ணெய் விட்டு இரண்டு பேரும் மாறி மாறித் திருகிய பிறகே திறந்தது.

அறையில் யாரும் இல்லை. ஒரு கயிற்றுக் கட்டில், சாத்திய ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே முக்காலி. இரண்டு மாதம் அடைத்துக் கிடந்த அறையில் புழுதி வாடை அடிக்க வேண்டும். அடித்தது ஈர மையின் வாடை.

முக்காலி மேல் சதுரங்கப் பலகை இருந்தது. மாக்கல்லில் கடைந்த காய்கள். கைலாசம் கிட்டே போனார்.

அவருடைய ஆட்டம்தான் அது. குதிரை பாய்ந்திருந்தது. அதற்கு ராஜாவை மூலைக்கு நகர்த்துவதுதான் ஒரே வழி என்று அவர் இன்று காலை பஸ்ஸில் மறுபடி யோசித்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

ராஜா மூலையில் இருந்தார்.

ராஜாவை ஒட்டி வெள்ளை ராணி வந்து நின்றிருந்தாள்.

பலகை மேல் படலமாகத் தூசி. காய் நகர்ந்த தடம் ஒன்றுகூட இல்லை. ராணியின் தலையிலும் தூசி இருந்தது.

கைலாசம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவை தாமாக எங்கேயாவது போய்விடும் என்று அவருக்கு ஏனோ தோன்றியது.

அருணகிரி வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கிருந்தே கேட்டார்.

"கருமாதிக் கடுதாசியில அடியில அந்த எண்ணை இரவல் பேனாவுல எழுதியிருந்தனுங்க. கண்ணை மூடறதுக்கு முன்னால அவ சொன்னது. நீங்க பாத்தீங்களா, இல்லீங்களா?"

அறை அமைதியாக இருந்தது. யாரோ பதிலுக்குக் காத்திருக்கிற அமைதி. பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் வட்டம் போய்விடும். பதினோரு வருஷம் போய்விடும்.

"என் சம்சாரம் வாங்கிப் பார்க்காமயே வாசல்ல கிழிச்சுப்போட்டாங்க," என்றார் கைலாசம். "எனக்குத் தெரியாது."

திரும்பி நடந்தார்.

முதுகுக்குப் பின்னால், டக்.

நடையை எட்டிப் போட்டார்.

டக்.

இரண்டே நகர்த்தல்தான் பாக்கி இருந்தது. அது அவருக்குத் தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து காற்று முகத்தில் பட்டதும் கொஞ்சம் தைரியம் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் காலையில், ஆபீஸில் லாரிகள் உறுமிக்கொண்டிருக்க, ஏழு கார்டுகளை எடுத்து உட்கார்ந்தார். நேரில் சென்று விசாரித்தேன், எல்லாம் அந்த அண்ணன்காரர் செய்த விளையாட்டு, முடிவில் மாற்றம் இல்லை. ஏழிலும் ஒரே வாசகம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்துப் பார்த்தார். கடைப்பையன் கையில் கொடுக்காமல், தாமே நடந்து போய்ப் பெட்டியில் போட்டார்.

பத்தாம் நாள் மத்தியானம், வெள்ளை ஜிப்பா போட்ட பெரியவர் ஒருத்தர் ஆபீஸ் படியேறி வந்தார். நான்தான் கலீலுல்லா என்றார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக இருவரும் முகம் பார்த்துக்கொண்டார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று கைலாசம் நாற்காலியை விட்டு எழுந்தார். பாய் அவர் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"உங்க மேல சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுருங்க. இதை எழுத எவ்வளவு பெரிய மனசு வேணும்."

கார்டை மேஜையில் வைத்தார். கைலாசத்தின் கையெழுத்து. அவர் பேனா, அவர் போடும் சாய்வு, அவர் அழுத்தம்.

'சாவுக் கடுதாசியில் 6786 என்று இருந்தது. பார்த்தேன். முழுதும் படித்துவிட்டுத்தான் கிழித்தேன். பழியை மனைவி மேல் போட்டேன். ஆட்டம் அவருடையது. சொன்ன சொல்படி செயலாளர் பதவியை அவரிடமே ஒப்படைக்கிறேன். இனிக் கடுதாசிகளை மல்லசமுத்திரத்துக்கே அனுப்பவும்.'

ஏழு பேருக்கும் இதே வாசகம்தான் வந்திருப்பதாக பாய் சொன்னார். கைலாசம் வாயைத் திறந்தார். நான் எழுதவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், பின் என்ன எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் விரல்கள் மேஜை விளிம்பைப் பற்றியிருந்தன. அவற்றைத் தன்னுடையவை என்று நம்புவதே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"செத்தவங்களுக்கு யாருங்க பாய் கடுதாசி போடுவாங்க?" என்று கேட்டார். 

"மரியாதைக்குத்தானுங்க. நீங்க சொன்ன மாதிரியே ஏழு பேரும் ஆளுக்கொரு கார்டு போட்டோம்." பாய் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "முந்தாநாள் எல்லாருக்கும் பதில் வந்துருச்சு. அடுத்த வருஷத்துக்கு யார் யாரோட ஆடறதுன்னு ஜோடி பிரிச்சு அனுப்பியிருக்காங்க."

கைலாசம் கேட்பதற்கு முன்பே பாய் சொன்னார்.

"உங்களுக்கு முத ஆட்டமே அவங்களோடதானுங்க."