வெளியைப் பார்த்த சப்பாத்துகள்

கீதனின் சப்பாத்துக்குள் சேறு இருந்தது. மில்லிக்கன் ஊர் முழுக்கப் பனி கல்லாய் இறுகிக் கிடக்கிற மாசி மாதத்தில், ஒரு கிழமையாகக் காய்ச்சலில் படுத்திருக்கிற பிள்ளையின் சப்பாத்துக்குள், அழுகிய புல் நாற்றத்தோடு கறுத்த ஈரச் சேறு. நிரோஷினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. துடைத்து, வழக்கம்போல வெளியைப் பார்க்க வாசலோரம் வைத்தாள். பஸ்ஸுக்கு ஓடுகிற மகன் காலைக் கொழுவிக்கொண்டு போக அதுதான் வசதி.

வீட்டை விற்ற ஐரிஷ் கிழவர் றொனால்ட், திறப்பைத் தரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டவர்: சப்பாத்தை வாசலில் கழற்றாதீர்கள், போட்டுக்கொண்டே உள்ளே வாருங்கள். அவள் சிரித்துவிட்டாள். சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள் யாராவது சப்பாத்தோடு நடப்பார்களா?

அன்று பின்னேரம், பேஸ்மென்ரில் அவர் விட்டுப்போன பெட்டிக்குள் அவருடைய குலத்தின் வரலாறு எழுதிய பழைய கொப்பி அகப்பட்டது. மக்டோர்னி குலம். எந்த அரசன் போருக்குப் போனாலும் படையின் முன்வரிசை அவர்களுடையது. வீட்டுக்கு ஒரு பிள்ளை. கொடுக்கிற வீடு பிள்ளையின் சப்பாத்தை வாசலில் வெளியைப் பார்க்க வைக்கும். இருட்டும் நேரம் படை வந்து கூட்டிப்போகும். கடைசிப் பக்கத்தில் றொனால்ட் எழுதியிருந்தார்: எனக்குப் பிள்ளை இல்லை. இந்த வீடு இன்னும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு ஒரு பிள்ளை. அதே சொல்லைச் சொல்லித்தான் வன்னியில் அவளுடைய தம்பி அன்புராசாவைப் போருக்குக் கொண்டுபோனார்கள். பதினேழு வயது. உடம்புகூடத் திரும்பி வரவில்லை.

மேலே ஓடினாள். ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. சப்பாத்துகளை அலுமாரிக்குள் எறிந்து பூட்டினாள். வெளியே பனி நொறுங்கியது. ஒரு காலடி இல்லை, பல. ஒரே தாளம். வாசற்படியில் நின்றது.

"அம்மா." கீதன் மாடிப்படியில் நின்றான். கண்கள் மூடியிருந்தன. "என்ர சப்பாத்து எங்கை? எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"ஒருத்தரும் இல்லை, ராசா. போய்ப் படு."

அவன் இறங்கி வந்தான். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். உடம்பு கொதித்தது. கால்கள் மட்டும் சில்லென்று. குனிந்தாள். கணுக்கால்வரை சேறு.

"அக்கா," என்றது கதவுக்கு வெளியே ஒரு குரல். "பெடியனை விடு."

கதவோரக் கண்ணாடி ஜன்னலால் பார்த்தாள். தெருமுனைவரை வரிசை. பழைய ஈட்டிகள். முகமில்லாத தலைகள். முன்வரிசையில் அன்புராசா. அதே பதினேழு வயது. கையில், அவள் பூட்டிவைத்த சப்பாத்துகள்.